இழுப்பறையில் இருந்த வேதாகமம்

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் தலைமைக் குமாஸ்தா விசுவாசத்துக்காக உபத்திரவப்பட்டுவிட்டார். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தவர், முதலில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ஆபீஸ் பொது இழுப்பறையில நான் வச்சிருந்த வேதாகமத்தை முதலாளி நாப்பது பேர் முன்னாடி வீசினாரு. 'இது யாருது? யாருதோ அவங்களுக்கு இன்னியோட வேலை இல்ல'ன்னாரு. சிங்கக் கெபியில நின்ன மாதிரி நின்னேன்."

சபை உச்சுக்கொட்டியது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமாஸ்தா அரை அடி வளர்ந்துவிட்டார்.

அந்த உயரத்தோடு வெளியே வந்தால், ஆபீஸ் பெருக்கும் அக்கா துணிப்பையோடு வாசலில் நின்றாள்.

"இந்தாங்கண்ணே, உங்க வேதாகமம். என்னை வேலையை விட்டு அனுப்பறப்ப முதலாளி என் கையில குடுத்துட்டாரு."

குமாஸ்தா அக்கம்பக்கம் பார்த்தார். "மெதுவா பேசும்மா. நீ ஏன் உன்னுதுன்னு சொன்னே?"

"நீங்க 'எனக்குத் தெரியாது'ன்னுட்டீங்க. அத்தனை பேர் நடுவுல ஆண்டவரோட புஸ்தகம் அனாதையா கெடந்துச்சு. மனசு கேக்கல, என்னுதுன்னுட்டேன்."

வாங்கக் கை நீளவில்லை அவருக்கு.

"நீயே வச்சுக்கோம்மா."

"நான் வச்சு என்ன பண்றது?"

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.