சிவப்புப் புள்ளி

பைக்கின் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டை வீட்டிலேயே மாற்றும்போது பரிதிக்கு ஒரு வழக்கம் உண்டு. அதைச் சக்கரத்தோடு பிணைக்கும் நட்டுகளை முதலில் கையால் திருகிவிட்டு, பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக இறுக்குவான். முழுதாக இறுகிய நட்டின் மேல் மனைவி வான்மதியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான். புள்ளி வைத்த நட்டை மறுபடி தொடமாட்டான்.

அன்று பாதி வேலையில் அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. நெடுநேரம் கத்திப் பேசிவிட்டுத் திரும்பினால், எல்லா நட்டுகளிலும் புள்ளி இருந்தது. எப்போது முடித்தோம் என்று ஒரு கணம் யோசித்தான். வாசலில் மைத்துனன் தென்னவன் கைக்குழந்தையும் மனைவியுமாக நின்றிருந்தான்.

"மாமா, மலை ஏறணும். வெயிலாயிடும்."

பரிதி சக்கரத்தை மாட்டி வண்டியைத் தென்னவனிடம் கொடுத்தான்.

வண்டி தெருமுனை திரும்பியதும் வான்மதி காபியோடு வந்தாள்.

"ஊருக்குப் போற வண்டி. பாதிக்குப் பொட்டு வச்சுட்டு மீதிய மூளியா விட்டிருந்தீங்க. நான்தான் எல்லாத்துக்கும் வச்சேன்."

பரிதி தென்னவனை ஃபோனில் அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது ஃபோனை எடுக்கவே கூடாது என்று குழந்தையின் தலைமேல் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தது பரிதிதான்.