ஒருமுறை மட்டும் பாடிய பாட்டு

"அந்த ஒரு டேப்பை மட்டும் நான் நேர்ல பாக்கணும், தம்பி. வேற எதுவும் வேணாம்."

வியோரிகா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ராஸ்வான் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"முதல்ல உக்காருங்க ஆன்ட்டி. டிமிஷோராலேர்ந்து ரயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் காபி குடிங்க, டேப் எங்கேயும் ஓடிப்போயிடாது."

'என் அலமாரி' என்று ஓர் இணையதளம். அவரவர் வீட்டில் இருக்கும் இசைத்தட்டு, கேசட் எல்லாவற்றையும் அதில் ஏற்றி ஊரோடு பகிர்ந்துகொள்ளலாம். ராஸ்வானின் அலமாரிக்கு அங்கே தனி மவுசு. கடையில் கிடைக்கிற பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை. யார் யாரோ வீட்டில் கூடி உட்கார்ந்து பாடிய பாட்டுகள். அத்தனையும் அவன் அப்பா சேர்த்துவைத்த பழைய ஸ்பூல் டேப்புகள்.

போன வாரம் வியோரிகாவின் மகள் அதிலிருந்து ஒரு பாட்டைப் போட்டாள். கிடாரோடு ஓர் இளைஞனின் குரல். அடுப்படியில் இருந்த வியோரிகா ஈரக் கையோடு ஓடிவந்து, "நிறுத்தாதே, நிறுத்தாதே" என்று கத்தினாள்.

"இது யார் பாடுறதுன்னு தளத்துல ஒரே அடிதடி" என்றான் ராஸ்வான். "புக்கரெஸ்ட்காரன்ங்கறான் ஒருத்தன். இல்ல, ஹங்கேரிக்காரன்னு தலையிலடிச்சு சத்தியம் பண்றான் இன்னொருத்தன். உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க அண்ணன். ஒவிடியு."

"அட! இப்ப எங்க இருக்கார்? அவருக்கு எத்தனை ரசிகர்கள்னு தெரிஞ்சா குதிப்பாரே!"

"இல்லைப்பா. இந்தப் பாட்டுக்காகத்தான் அவனைப் பிடிச்சுட்டுப் போனாங்க. நாட்டை ஆண்டவரைக் கிண்டல் பண்ணி அவனே கட்டின பாட்டு. ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வரலை."

ராஸ்வான் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பாடினது ஒரே ஒரு தடவைதான். எங்க வீட்டுல, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு. அவன், அம்மா, நான், அவனோட சிநேகிதங்க ரெண்டு பேர். மறு வாரமே ரகசியப் போலீஸ் வந்துட்டாங்க."

"அப்ப காட்டிக்கொடுத்தது அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர்..."

"ட்ரையன். அந்த சிநேகிதங்க ரெண்டு பேர்ல ஒருத்தன். அவன்தான்னு அம்மா சொன்னா. நானும் நம்பினேன். நான் கட்டிக்கறதா இருந்தவன், தம்பி. 'என் தாய்மேல ஆணை, நான் இல்லை'ன்னு மாடிப்படியில நின்னு அழுதான். நான் கதவைத் திறக்கலை. அப்புறம் ஊரே அவன் முகத்துல முழிக்கலை."

"இப்ப இருக்காரா?"

"இருக்கான். தனியா. தெருவுல எதிர்ல வந்தா நான் அந்தப் பக்கம் போயிடுவேன்." அவள் நிமிர்ந்தாள். "அந்த ராத்திரி ரெக்கார்ட் ஆச்சுன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். ரெக்கார்ட் பண்ணினவன்தான் காட்டிக்கொடுத்தவன். கோட்டுக்குள்ள மெஷினை ஒளிச்சுக் கொண்டாந்திருக்கணும். உங்கப்பாவுக்கு இந்த டேப்பைக் கொடுத்தது யாருன்னு சொல்லு. அது ட்ரையனா, இல்ல அந்த இன்னொருத்தனா? இது தெரியாம நான் சாகக் கூடாது."

ராஸ்வான் உள்ளே போய் டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டியில் ஓர் எழுத்துகூட இல்லை. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு தடவினாள்.

"எனக்கு எதுவும் தெரியாது ஆன்ட்டி. அப்பாவுக்குப் பாட்டுன்னா உயிர், அவ்வளவுதான் தெரியும். இதையெல்லாம் தளத்துல போடட்டுமான்னு ஒருதடவை கேட்டேன். 'வேணாம்டா, அதெல்லாம் அடுத்தவங்களோடது'ன்னுட்டார். நான்தான் அவருக்குத் தெரியாம ஏத்திட்டேன். வாங்க, அவர்கிட்டயே கேட்டுடலாம். அடுத்த ரூம்லதான் இருக்கார். நீங்கதான் எனக்காகக் கொஞ்சம் பரிஞ்சு பேசணும்."

"என் அண்ணன் குரலைக் காப்பாத்தி வச்ச மனுஷர்ப்பா. அவர் கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்கணும் நான்."

கிழவர் ஜன்னலோரம் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். கண் பார்வை போய்ப் பல வருஷமாகியிருந்தது. வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ராஸ்வான் அதை அணைத்தான்.

"அப்பா, உங்களைப் பாக்க ஒரு அம்மா வந்திருக்காங்க."

ரயிலில் வரும்போது என்னென்னவோ கேட்க வேண்டுமென்று நினைத்திருந்தாள் வியோரிகா. அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, வணக்கம்" என்றாள். "உங்களைத் தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க."

கிழவரின் முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"விகா?" என்றார். "நீ விகாதானே? அம்மாவுக்கு ராத்திரியில வர்ற இருமல் நின்னுதா?"

அண்ணன் போன பிறகு அவளை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"அப்பா, இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்றான் ராஸ்வான் சந்தோஷமாக. "எங்க பாத்தீங்க?"

"பாத்ததில்லைடா" என்றார் கிழவர். "அவங்க வீட்டுச் சுவத்துக்குள்ள நாங்க வச்ச மைக்குல, ஏழு வருஷம் கேட்டுக்கிட்டிருந்தேன்."