குதிகால் வேண்டாத காலுறை

பத்மப்ரியாவின் பையிலிருந்து ஒரு குட்டிக் காலுறை நழுவித் தரையில் விழுந்தது. குரோஷா பின்னல் வகுப்பில் இருந்த அத்தனை ஊசிகளும் நின்றன.

மாமியார் சாவித்ரி அதைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, ஒன்றும் பார்க்காதவள்போல மருமகள் மடியில் வைத்தாள். மற்றவர்களும் ஒன்றும் பார்க்காதவர்கள்போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வலியசாலையில் சாவித்ரி வீட்டு முன்னறையில் சனிக்கிழமை மத்தியானம் நடக்கிற வகுப்பு அது. குரோஷா கால் பங்கு, குடும்பம் முக்கால் பங்கு. வெள்ளை ரவிக்கையில் மஞ்சள் கறை போவது எப்படி, வந்த நாத்தனாரைச் சண்டையில்லாமல் ஊருக்கு அனுப்புவது எப்படி, சிக்கு விழுந்த நூலை அறுக்காமல் பிரிப்பது எப்படி, எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் உண்டு. வகுப்புக்கு வராதவர்களுக்கு வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜ் போகும். வேண்டாம் என்றவர்களுக்கும் போகும்.

அந்தப் பதில்களுக்கு மதிப்பு வந்ததே அவள் மகனால்தான். தெருவில் கல்யாணமான பையன்கள் ஒவ்வொருத்தராய் ஃபிளாட் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள், எதிர்வீட்டு ரத்னாபாயின் மகன் உட்பட. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஐடி வேலை பார்த்தும், பக்கத்துக் கிழக்கேகோட்டை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து அம்மா கையால் சாப்பிடுகிறவன் ஜெயகுமார் ஒருத்தன்தான். அவனும் போய்விட்டால் சாவித்ரியிடம் யார் யோசனை கேட்பார்கள்? இது தெருவுக்குத் தெரியும். சாவித்ரிக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு வகுப்பில் யோசனை கேட்டவள் ஸ்ரீலட்சுமி. மறுபடி வேலைக்குப் போகவேண்டுமாம், மாமியாரிடம் சொல்லப் பயமாம்.

"வெறுங்கையோட போய் நிக்காதே மக்ளே," என்றாள் சாவித்ரி. "பெரிசா ஒரு விரிப்பு பின்னி அவங்க மடியில வை. பொறவு விஷயத்தைச் சொல்லு. கை நிறைஞ்சிருந்தா வாய் அடங்கிரும், கேட்டியா."

எல்லாரும் தலையாட்டினார்கள். பத்மப்ரியாவும் ஆட்டினாள்.

வகுப்பு கலைந்ததும் சாவித்ரி மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காலுறைக்குக் குதிகால் திருப்புவதுதான் கஷ்டம், தானே சொல்லித் தருவதாகச் சொன்னாள்.

"குதிகால் வேண்டாம் அத்தை. அடிப்பக்கம் தடிமனா இருந்தாப் போதும்."

வாஸ்தவம்தான். பிள்ளை எழுந்து நடக்க வருஷம் ஆகும், அதற்குள் குதிகாலுக்கு என்ன அவசரம்? நிறம்தான் சாவித்ரிக்குப் பிடிக்கவில்லை, காப்பிப்பொடி நிறம். ஆனால் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது அதுவும் புத்திசாலித்தனமாகவே பட்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ரத்னாபாய் சர்க்கரை கடன் கேட்டு வந்தாள். அவள் வீட்டில் இரண்டு பேருக்கும் சர்க்கரை வியாதி. விசேஷம் உண்டா என்று கேட்டதற்கு, நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள் சாவித்ரி, எல்லாவற்றையும் சொல்லிவிட்ட குரலில்.

அடுத்த வாரம் பைக்குள் நாலு காலுறை தெரிந்தது. இரட்டையாக இருக்குமோ என்று தெரு பேசியது. சாவித்ரிக்குத் தன் அம்மா வழியில் யாரோ இரட்டை பெற்றது உடனே ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்குள் பப்பாளி வரவில்லை. பத்மப்ரியா பாத்திரத்தில் கை வைக்கப் போனால் சாவித்ரி பிடுங்கிக்கொண்டாள். மருமகள் காரணம் கேட்கவில்லை, எந்த மருமகள் கேட்பாள்? கோயிலில் பாயசத்துக்குச் சொல்லியாகிவிட்டது. உங்கள் அறைக்கு ஏசி மாட்டட்டுமா என்று சாவித்ரி கேட்டபோது ஜெயகுமார் பெண்டாட்டியைப் பார்த்தான். பெண்டாட்டி ஊசியைப் பார்த்தாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள் சாவித்ரி.

வெள்ளிக்கிழமை காலை வாய்ஸ் மெசேஜில் கறையும் இல்லை, சிக்கும் இல்லை. நாளைக்கு எல்லாரும் வந்துவிடவேண்டும், ஒரு சந்தோஷம் இருக்கிறது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை முன்னறை நிறைந்துவிட்டது. ரத்னாபாய்க்கு முன்வரிசையிலேயே இடம். பத்மப்ரியா உள்ளேயிருந்து வந்தாள், பின்னாலேயே ஜெயகுமாரும் வந்து கதவோரம் நின்றான். அத்தையிடம் தனியாக ஒன்று சொல்லவேண்டும் என்றாள்.

"இவங்க யாரு, அந்நியமா? இங்கயே சொல்லு மக்ளே."

பத்மப்ரியா கதவோரம் நின்றவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு, மடித்து வைத்திருந்த ஒரு பெரிய வெள்ளை விரிப்பை எடுத்துச் சாவித்ரி மடியில் விரித்தாள். ஒரு கண்ணி பிசகில்லாத வேலை. எப்போது பின்னினாளோ, சாவித்ரிக்கே தெரியவில்லை. மாமியார் அதை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, அந்தக் காலுறைகளையும் எல்லாருக்கும் காட்டச் சொன்னாள்.

பத்மப்ரியா பையைக் கவிழ்த்தாள். காப்பிப்பொடி நிறத்தில் குவியலாக விழுந்தன. ரத்னாபாய் எண்ண ஆரம்பித்தாள், எட்டுக்கு மேல் போனதும் நிறுத்திவிட்டுச் சாவித்ரியைப் பார்த்தாள்.

"இத்தனையும் யாருக்கு மக்ளே?" என்றாள் சாவித்ரி.

பத்மப்ரியா விரிப்பை மாமியார் கையில் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

"நாற்காலிக் காலுக்கு அத்தை. கழக்கூட்டத்து ஃபிளாட்டுல நாற்காலிய இழுத்தா, கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்களாம்."