கடற்கரைக்குப் பக்கத்து விமான நிலையம்

விடுமுறைக்கு எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்று கணவன் ஜெபசிங் திரையில் தேடுவதை மெர்லின் பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்கரையை ஒட்டிய நிலையத்தில் எல்லோருடைய மூச்சையும் சோதிப்பார்கள்; இளைப்பு உள்ளவர்களை ஊர் திரும்பும்வரை அங்கேயே ஒரு கண்ணாடி அறையில் வைத்துவிடுவார்கள். மலைப்பக்க நிலையத்தில் சோதனை கிடையாது. ஆனால் அங்கிருந்து கடலுக்கு ஒரு நாள் பஸ் பயணம்.

ஜெபசிங் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தான்.

"நம்ம அனிஷாவுக்கு இளைப்பு இருக்கே?"

"அந்த ரூம்ல பொம்மையெல்லாம் இருக்காம். பிள்ளை கூட தினமும் வீடியோல பேசிக்கலாம். நாம நிம்மதியா சுத்தலாம்லா?"

இந்த வாய்தானா காலையில் மகளைக் கொஞ்சியது என்று மெர்லினுக்கு அருவருப்பாக இருந்தது.

"நீங்க அங்கயே இறங்குங்க. நானும் பிள்ளையும் மலைப்பக்கம் இறங்கிக்கிறோம்."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"அப்போ என்னை யாரு போட்டோ எடுப்பா?"