ஒரே கோட்டில் மூன்று ரிங்

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

ஒர்க் ஷாப் முதலாளியைப் பார்த்து இப்படிக் கேட்டது வாடிக்கையாளர் இல்லை. அவரிடமே வேலை பார்க்கும் ஃபிட்டர். அதுவும், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்ல வந்த ஃபிட்டர்.

தன் காருக்காகக் காத்திருந்த, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மா, கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷத்துக்கு முன்புவரை எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து ஃபிட்டருக்கு வலது கை விழுந்துவிட்டது. வைத்தியம் பார்த்ததில் கை திரும்பி வந்துவிட்டது. தைரியம்தான் வரவில்லை.

"கை சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு தம்பி. அது கைக்குத் தெரியலையே! ஸ்பேனரைப் பாத்தாலே நடுங்குது. இருபது வருஷம் பண்ணின வேலையைக் கெடுத்துப் பேரைக் கெடுத்துக்க வேணாம். நான் நின்னுக்கறேன்" என்றார் ஃபிட்டர்.

போகாதீங்க என்று முதலாளி ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

"சரிண்ணே, உங்க இஷ்டம். எனக்கும் வேலை கிடக்கு. இந்தம்மா வண்டியோட இன்ஜினை மாட்டணும். நாலு பிஸ்டனுக்கும் ரிங் போட்டு வச்சுட்டேன்" என்று மேஜையைக் காட்டிவிட்டு, போனை நோண்ட ஆரம்பித்தார்.

டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷம் உழைத்த மனுஷனுக்கு இதுதானா மரியாதை?

ஃபிட்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில் மேஜையைப் பார்த்தார். நின்றார். ஒரு பிஸ்டன் மேல் குனிந்தார். அவ்வளவுதான், வெடித்துவிட்டார்.

"மூணு ரிங்கோட கேப்பும் ஒரே கோட்டுல நிக்குது! நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

"அப்படியா? கவனிக்கலையே அண்ணே."

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். டிரைவிங் ஸ்கூல் என்று போர்டு பெரிதாக இருந்தாலும் அவரிடம் இருப்பது இந்த ஒரே கார்தான்.

"அண்ணே, அப்படி இருந்தா என்ன ஆகும்?"

"பிஸ்டனைச் சுத்தி மாட்டற ரிங்கு முழு வட்டம் இல்லம்மா. ஒரு இடத்துல சின்னதா வெட்டு விட்டிருக்கும், அதான் கேப்பு. அந்த வெட்டுங்களை ஆளுக்கொரு பக்கமா திருப்பி வைக்கணும். எல்லாத்தையும் ஒரே நேரா வச்சா, அது வழியா நெருப்பு கீழ இறங்கும், ஆயில் மேல ஏறும். அப்புறம் நீங்க போற தெருவுல கொசுவே இருக்காது, அவ்வளவு புகை வரும்!"

பேசிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"தள்ளு அந்தப் பக்கம்!"

முதலாளி பயந்தவர் மாதிரி தள்ளிக்கொண்டார்.

ஃபிட்டர் மூன்று ரிங்கையும் மூன்று திசைக்குத் திருப்பினார். ஆயில் தடவி, ரிங்குகளை இறுக்கிப் பிடித்து, சுத்தியலின் மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டி, பிஸ்டனை உள்ளே இறக்கினார். கை நடுங்குகிறதா என்று பார்க்க அவருக்கு நேரமே இல்லை. ஒவ்வொரு பிஸ்டனை எடுக்கும்போதும் முதலாளிக்கு ஒரு அர்ச்சனை.

"தப்புதாண்ணே" என்று நான்கு தடவையும் முதலாளி தலையைச் சொறிந்தார்.

மறுநாள் காலையில், யாரும் கூப்பிடாமலே ஃபிட்டர் முதல் ஆளாக வந்து நின்றார். மத்தியானம் இன்ஜின் உறுமியது. டிரைவிங் ஸ்கூல் அம்மா வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து குனிந்து பார்த்தார். பொட்டுப் புகை இல்லை. அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஃபிட்டரோ தன் வலது கையை விரித்து, யாரோ புதுசாகக் கொடுத்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி போன் பேச வெளியே போனதும், அம்மா மெதுவாக ஃபிட்டர் பக்கம் வந்தார்.

"அண்ணே, தயவுசெஞ்சு நீங்க வேலையை விட்டுடாதீங்க. இந்த ஆளை நம்பி நான் வண்டியை விடமாட்டேன். ரிங் வைக்கத் தெரியாதவருக்கு எதுக்கு ஒர்க் ஷாப்பு?"

ஃபிட்டர் சிரித்தார்.

"அவனுக்கா தெரியாது? அவசரத்துல ஒரு பிஸ்டன்ல தப்பு வரலாம்மா. நாலுலயும் கோடு கிழிச்ச மாதிரி நேரா நிக்குதுன்னா, உக்காந்து வேணும்னே வச்சிருக்கான். நான் கையை வைக்கணும்னு."

அம்மா இன்னும் கிட்டே நெருங்கி வந்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்தே. ரெண்டாவது பிஸ்டனை எடுத்தப்பவே."

"அப்புறமும் எதுக்கு அந்த மனுஷனை நாலாவது பிஸ்டன் வரைக்கும் அப்படித் திட்டினீங்க?"

ஃபிட்டர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்காக அவ்வளவு பாடுபட்டுத் தப்பு பண்ணியிருக்கான். திட்டாம விட்டா அவன் மனசு உடைஞ்சு போயிடாதாம்மா?"