எச்சரிக்கையும் பிழையே

என் எதிரி வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். சண்டைக்கு வருகிறவன் இஸ்திரி போட்ட சட்டையில் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“உட்காருங்க” என்றேன், நான் எழுந்திருக்காமலே.

விஷயம் இதுதான். பழைய ஒலிப்பதிவுகளில் இரைச்சலைப் போக்க நான் ஒரு நிரல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்திருக்கிறேன். அதை, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரில் ஓட்டி, ஜனங்கள் சுலபமாக நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டித் தருவது இவன் வேலை.

கம்பைலர் சும்மா இருக்காது. இங்கே இடிக்கிறது, அங்கே உதைக்கிறது என்று எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்கள். நான் விடுவேனா? ‘எச்சரிக்கை வந்தாலும் அதைப் பிழையாகக் கொண்டு வேலையை நிறுத்து’ என்று என் நிரலில் ஒரு வரி வைத்திருக்கிறேன். வீட்டில் குழாய் ஒரு சொட்டு சொட்டினாலே மெயின் வால்வை மூடிவிட்டு விசாரணை நடத்துகிறவன் நான்.

கம்பைலர் புதிதாக வரும்போதெல்லாம் எச்சரிக்கையும் புதிதாக வரும். பேக்கேஜ் பாதியில் நின்றுபோகும். உடனே இவன் என்னைக் கேட்காமலே அந்த வரியை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டிவிடுவான். என் மானம் மொத்தமும் அந்த ஒரு வரியில்தான் இருப்பதுபோல எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரசாரமாகக் கடிதம் போட்டேன். போட்டேன் என்றால், நான் சொல்லச் சொல்ல என் மகள் டைப் செய்வாள். கோபத்தில் என் விரல் தப்புத் தப்பாக அடிக்கும். தப்பு எனக்கு ஆகாதே. அவன் பதில் எவ்வளவு நீளமாக வந்தாலும், “முடியாதுங்கிறார்ப்பா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

கடைசியாக, வரியை வெட்டினால் நிரலையே திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்று மிரட்டினேன். அந்த அதிகாரம் எனக்குக் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஆனால் பலித்துவிட்டது. புது வெளியீட்டில் என் வரி அப்படியே இருந்தது. பின்னாலேயே, நேரில் பார்க்க வருவதாகச் செய்தியும் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று காலையிலிருந்தே நான் தரையில் இல்லை.

காபியோடு வந்த மகள் அவன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். குறிப்பெடுக்க வசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். தோற்றவனிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுத்துத் தொண்டையைக் கனைத்தேன்.

“வரியை விட்டுட்டீங்க போலிருக்கே. ஒருவழியா புத்தி வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் தயாராக வைத்திருந்த பேச்சில் பாதிகூட இன்னும் செலவாகவில்லை. இனி ஒவ்வொரு புதுக் கம்பைலருக்கும் உங்கள் வேலை நின்றுபோகுமே, ஒவ்வொரு தடவையும் என்னிடம் எழுதிக் கேட்டாக வேண்டுமே, பரவாயில்லையா என்று குத்திக் காட்டினேன்.

அவன் காபியைக் கீழே வைத்தான். காது மடல் சிவந்திருந்தது.

“அது நின்னாத்தானே சார், உங்க பொண்ணுக்கு நான் எழுத முடியும்.”