நடு ஏரியில் நிற்கும் எஞ்சின்

“அண்ணா, இன்னிக்கும் நடு ஏரியில செத்துப்போச்சு.”

ஷெட் வாசலில் நின்ற ஹேமநாதனைப் பார்த்ததும் மெக்கானிக் ஜெகதீசன் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் எறிந்தார். செத்தது, தண்ணீரில் பைக் போல ஓட்டும் வாட்டர் ஸ்கூட்டரின் எஞ்சின். ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை.

ஆவடிப் பக்கம் ஓர் ஏரியில் படகு விடப்போகும் முதலாளி, அதை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஹேமநாதனை அதை ஓட்டச் சேர்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

“இன்னா பண்ணுது? ஒயுங்கா சொல்லு.”

“ஸ்லோவுல நல்லா போவுதுண்ணா. ஃபுல்லா ரேஸ் குடுத்தா பொசுக்குனு நின்னுடுது.”

ஏரியிலிருந்து வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு நேராக வந்தவனின் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. பேன்ட் மட்டும் முழங்கால்வரை நனைந்திருந்தது.

முதல் தடவை, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட்டைக் கழற்றி ஊதிப் போட்டார் ஜெகதீசன். அடுத்த தடவை ஒரு சைஸ் பெரிய ஜெட். கரையான்சாவடி ஷெட்டில் எஞ்சின் சூடாகாமல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டு ஓட்டினால் சீராக ஓடியது. ஏரிக்குப் போனால் நின்றது. இருபது வருஷத்தில் அவர் கைவைத்த கார்புரேட்டர் எதுவும் இப்படித் திரும்பி வந்ததில்லை.

போன் அடித்தது. முதலாளி.

“ஏரிக்கு வந்து பாருங்கன்னு ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். வேலை இருக்குன்னு தட்டிக் கழிக்கிறீங்க. தெரியலேன்னா சொல்லிடுங்க, வேற மெக்கானிக்கப் பாத்துக்குறேன்.”

‘தெரியலேன்னா’ என்ற சொல் சுருக்கென்று தைத்தது. ஜெட்டை மறுபடி மாற்றி, வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஹேமநாதனோடு அவரே ஏரிக்குக் கிளம்பினார்.

“ஓட்டு, பாக்கலாம்.”

ஹேமநாதன் கரையைவிட்டுப் பத்தடி போனான். எஞ்சின் நின்றது.

“பாத்தியாண்ணா?”

“எறங்குடா கீய!”

முழங்கால் தண்ணீரில் இறங்கிய ஜெகதீசன், அவன் நீட்டிய லைஃப் ஜாக்கெட்டைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். முழு வேகம் கொடுத்தார். எஞ்சின் ஒரு விக்கல்கூட இல்லாமல் சீறியது. அக்கரை வரை போய், நடு ஏரியில் இரண்டு வட்டம் அடித்து, தொப்பலாக நனைந்து திரும்பினார்.

“எங்கடா செத்துச்சு? ஒரு வாரமா என் உசுர எடுக்கிறியே!”

ஹேமநாதன் தலையைக் குனிந்தான்.

“வண்டி மேல தப்பு இல்லண்ணா. நடு ஏரிக்கே நான் போனதில்ல, கரையாண்டயே நாந்தான் ஆஃப் பண்ணிடுவேன். கரைய வுட்டுத் தள்ளிப் போனாலே கை காலு உதறுது. எனக்கு நீச்சல் தெரியாது. சொன்னா வேலை பூடும்.”

ஜெகதீசன் மெல்லத் திரும்பி, தான் போய்வந்த அக்கரையைப் பார்த்தார். அப்படியே அவன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“டேய்... எனக்கும் தெரியாதுடா!”